ஒரு தட்டு கங்காருக் கறி

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே தங்கையின் பிரசவத்துக்காகக் கட்டிக்கொண்டு போன பொருட்கள்தான் இருந்தன. பூண்டு லேகியம், சுக்குப் பொடி, பெருங்காயம், பழைய பருத்திப் புடவையைக் கிழித்து ஓரம் தைத்த துணிகள். அதிகாரி லேகியப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கறி ஏதாவது இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். துணிகளைத் தொட்டுப் பார்த்தவர், யாருக்குக் குழந்தை என்று கேட்டுச் சிரித்தபடி பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

நான் ஈரோட்டில் ஒரு பால் பண்ணையின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, கிருமி உண்டா என்று பார்த்து எழுதுவதுதான் தொழில். அம்மா போன பிறகு தங்கை கவிதாவை வளர்த்தது நான்தான். அவள் கணவன் லோகன் கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணத்துக்குப் பின் இருவரும் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் மூன்று வருடம் இருந்தார்கள். சுரங்கத்து லாரிகளைப் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. கவிதாவுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது வேலை ஒப்பந்தம் முடிந்து, கிள்ளானில் அவன் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். ஒன்பதாம் மாதம் நான் போவதாகப் பேச்சு. எட்டு தொடங்கியதுமே லோகன் போன் செய்தான். முடிந்தால் உடனே வரச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, ஸ்கேனில் என்னமோ சொல்கிறார்கள், நேரில் பேசலாம் என்று வைத்துவிட்டான்.

விமான நிலையத்துக்கு வந்திருந்த லோகன் என்னை நேரே வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. விமான நிலைய ரயில் வந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ், தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. ஈரோட்டுக் கடைவீதியை யாரோ துடைத்துச் சாயம் பூசி வைத்ததுபோல இருந்தது. புடவைக் கடைகள், பூக்கடை, பாட்டுச் சத்தம். மேலே தூண்களின்மேல் ஒற்றைத் தண்டவாள ரயில். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாற வந்தவர் ராமநாதபுரத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, மொறுமொறுவென்று பொரித்த பாகற்காயை இரண்டு கை அள்ளி வைத்தார். மட்டன் பெரட்டல் போடட்டுமா என்று லோகனைக் கேட்டார். லோகன் இலையை மறைத்துக் கையை நீட்டினான். கறி வேண்டாம் என்றான். கல்யாண விருந்தில் மூன்று முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அவன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஸ்கேனைப் பற்றி நானும் கேட்கவில்லை. ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

கிள்ளானுக்குப் புறநகர் ரயிலில் ஏறினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை காற்றடித்து, மண் மணத்து, சொல்லிவிட்டு வரும். இது ஒரே கொட்டாகக் கொட்டியது. சுபாங் ஜெயாவைத் தாண்டி ரயில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் மலாயில் ஏதோ சொன்னார்கள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம், வடிந்தால்தான் போகுமாம் என்று லோகன் சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் தன் தோழியிடம், இன்று வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேலை நேரம் முடிந்துவிடும் என்றாளாம். அதையும் அவன்தான் தமிழில் சொன்னான். வேறு எதையாவது பேச வேண்டியிருந்தால் நன்றாகப் பேசினான்.

பக்கத்தில் மல்லிகைச் சரங்களைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். கிள்ளான் கடைக்குக் கொண்டு போகிறாராம். ஊரிலிருந்து வருகிறீர்களா, யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். தங்கை பிரசவத்துக்கு என்றேன். நல்ல சேதி லா என்று அந்த ஊர் இழுப்போடு சொல்லி, ஒரு முழம் பூவை வாழை நாரோடு அறுத்து என் மடியில் வைத்தார். லோகன் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் கண்ணயர்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

“பிள்ளை மண்டைக்குள்ள தண்ணி சேர்ந்திருக்காம்க்கா. ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கவிதாவுக்கு ஏதோ ஒட்டுண்ணி தொத்தியிருக்காம். அவ உடம்புல இருந்து பிள்ளைக்குப் போயிருக்கு.”

ரயில் முக்கால் மணி நேரம் நின்றது. அந்த முக்கால் மணி நேரத்தில் பிள்ளையைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

கவிதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வயிறு நான் நினைத்ததைவிடப் பெரிது. நான் கொடுத்த பூவை வாங்கி முகர்ந்துவிட்டு, அக்கா, உனக்குச் சொல்லிட்டாரா என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்பாடா என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மருத்துவமனை. நடைவழி முழுக்க வயிற்றுப்பிள்ளைக்காரிகள். எண்களை மூன்று மொழியில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, அவசரப்படாமல் பேசுபவர். டாக்ஸோபிளாஸ்மா என்ற அந்த ஒட்டுண்ணியைப் பற்றி ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். பூனையின் கழிவிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து கீரைக்கு, புல்லுக்கு, புல் தின்கிற மிருகத்துக்கு, அதன் கறி வழியாக மனிதருக்கு. பெரியவர்களுக்கு வந்தால் சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போனால்தான் மூளையிலும் கண்ணிலும் உட்கார்ந்துகொள்ளும். ரத்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் தொற்று சில மாதங்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். வீட்டில் பூனை உண்டா, தோட்ட வேலை செய்தாளா, பச்சைக் கறி சாப்பிட்டாளா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றார்கள் இருவரும். நாலாம் மாதக் கடைசியில் பெர்த்தில் இருந்தபோது காய்ச்சல் வந்து கழுத்தில் நெறி கட்டியதை மட்டும் கவிதா சொன்னாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நடந்ததற்கு நானே காரணம். லோகனின் அம்மா எல்லோருக்கும் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கணவர் போனபின் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டை தைத்து மகனைப் படிக்க வைத்தவர், கை ஓயாது. எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் பண்ணையில் ஒரு கேன் பால் கெட்டால், மாடு எங்கே, பாத்திரம் எங்கே, வண்டி எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவோம். அந்தப் பழக்கத்தில், பெர்த்தில் என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். பால், முட்டை, கீரை, கோழி. லோகன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சனிக்கிழமைகளில் மட்டும் கங்காரு என்றான்.

எப்படிச் சமைத்தீர்கள் என்றேன்.

“வெளிய நல்லா பொரியணும்க்கா, உள்ள செவப்பா இருக்கணும். பாக்கெட்டுலயே அப்படித்தான் போட்டிருக்கும். கொழுப்பே இல்லாத கறி. வெந்துருச்சுன்னா செருப்புத் தோல் மாதிரி ஆயிரும்.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. பச்சைக் கறி என்றால் சமைக்காத கறி என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அவன் அம்மா தோசைக்கரண்டியோடு திரும்பி நின்றார்.

“புள்ளத்தாச்சிக்கு நீ கங்காருவையா குடுத்த?”

கவிதா எழுந்து அறைக்குள் போனாள். கல்லில் இருந்த தோசை கருகிப் புகைந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. கடைசியில் நான்தான் போய் அணைத்தேன்.

அடுத்த நாளே டாக்டரிடம் சொன்னோம். இருக்கலாம் என்றார். காட்டில் மேய்கிற மிருகம், அந்த நாட்டில் காட்டுப்பூனைகளும் நிறைய, உள்ளே வேகாத கறி, வழி இருக்கிறது. ஆனால் சரியாகக் கழுவாத கீரையாலும் இருக்கலாம், வேகாத ஆட்டுக்கறியாக இருந்தாலும் இதே கதைதான், எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். முழுக்க வேக வைத்திருந்தாலோ, சில நாள் உறைய வைத்திருந்தாலோகூட அந்த ஒட்டுண்ணி செத்திருக்கும் என்பதையும் சொன்னார். லோகன் அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். உறைய வைத்தால் என்ற சொல்லைக் கேட்டதும் முன்னால் குனிந்து முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டான். எங்கள் ஃப்ரீசர் காலியாகத்தான் இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

மருந்து தொடங்கினார்கள். வீட்டில் பேச்சு நின்றுபோனது. கவிதா நாளெல்லாம் படுத்திருந்தாள். மாமியார் காலையில் தெருமுனையில் வாங்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் போய்விடுவார். லோகன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் தூக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். ஷிப்ட் முடிந்தாலும் வீட்டுக்கு வரத் தாமதம் செய்தான். நான் மதியங்களில் தெங்கு கிளானா சாலைக்குப் போய் முறுக்குக் கடைகளையும் பூமாலைகளையும் பார்த்தபடி நடப்பேன். காக்கைகள் எங்கள் ஊரைவிடப் பெரிதாக இருந்தன. எந்தக் கடையில் நின்றாலும், என்ன அக்கா வேணும் என்று கேட்டார்கள். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

நான் வந்த ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊரான காப்பாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் குணா என்ற லோகனின் பள்ளிக்கூட நண்பர் கூப்பிட்டிருந்தார். கவிதாதான் எங்களைப் போகச் சொன்னாள். வீட்டில் கொஞ்ச நேரம் ஆண் குரல் இல்லாமல் இருக்கட்டும் என்றாள்.

சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. முதல் பத்து நிமிடம் அழகாக இருந்தது. பிறகு ஒரே மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. அடியில் ஒரு பறவைச் சத்தமும் இல்லை. தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். நடுவழியில் கார் டயர் பஞ்சரானது. மாற்று டயரிலும் காற்று இல்லை. குணாவுக்குப் போன் செய்துவிட்டு வாய்க்கால் ஓரமாக நின்றோம். அங்கேதான் லோகன் தானாகப் பேசினான்.

இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் காடு என்றான். பெர்த்தில் மாட்டுப் பண்ணைகளைப் பார்த்தபோதும் இதே நினைவுதான் வந்ததாம். மாட்டுக்காக மரத்தை அழிக்கிறார்கள், அதற்குத் தண்ணீர், அதற்குத் தீவனம், அது விடுகிற ஏப்பத்தில் வரும் வாயுவால் பூமி சூடாகிறது. கங்காருவுக்கு வேலி வேண்டாம், தீவனம் வேண்டாம், மாடு அளவுக்கு அந்த வாயுவும் விடாது, மாட்டுக் குளம்பு போல மண்ணைக் கிளறாது. பெருகிப்போனால் அரசாங்கமே எண்ணிக்கை வைத்துச் சுட அனுமதிக்கிறது. கறி தின்றுதான் ஆக வேண்டும் என்றால் இதைத் தின்பதுதான் நியாயம் என்று அவனும் கூட வேலை பார்த்தவர்களும் முடிவு செய்திருந்தார்கள். கவிதாவுக்கு ரத்தம் குறைவு. இரும்புச் சத்து அதிகம் என்று அவளுக்கும் கொடுத்தான்.

“பொறக்கப் போற பிள்ளைக்கு ஒலகம் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்னு நெனைச்சேன்க்கா. அதுக்காகத்தான் மாட்டுக் கறிய விட்டேன்.”

இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

“அது எல்லாம் இன்னைக்கும் உண்மைதான். பூமிக்கு அது நல்லதுதான். நான் சரியா வேக வைக்கல, அவ்வளவுதான்.”

பிறகு இன்னொன்றும் சொன்னான். அங்கே கங்காரு சுடுகிறவர் ஒருவரோடு பழக்கமாம். தாய்க் கங்காருவைச் சுட்டால் பையில் குட்டி இருக்கும். அது தனியாகப் பிழைக்காது என்பதால் அதையும் அங்கேயே கொன்றுவிடுவார்களாம். பெரும்பாலும் ஆணைத்தான் சுடுகிறோம் என்று அந்த ஆள் சொன்னாராம்; எப்போதும் என்று சொல்லவில்லையாம். கவிதாவுக்கு அப்போது மூன்று மாதம். அவளிடம் அதை மறைத்துவிட்டுத்தான் அந்தக் கறியை வாங்கி வந்தேன் என்றான். அவனுடைய மனம் எங்கே போய் நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். தெரியும் என்றான். தெரிந்தும் அதை விடமுடியவில்லை என்பது முகத்தில் இருந்தது.

குணா மோட்டார் சைக்கிளில் டயரைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் காட்டுப்பன்றிக் கறி தயாராக இருந்தது. தோட்டத்துக்குள் வந்து கன்றுகளைத் தோண்டிப் போட்ட பன்றியாம். மூன்று மணி நேரம் விறகில் வெந்து, எலும்பு தனியாகக் கழன்று கிடந்தது. பிள்ளை விஷயம் அறியாத குணா, “எங்க காட்டு மிருகத்தையும் கொஞ்சம் ருசி பாரு லா,” என்று லோகனின் தட்டில் வைக்கப் போனார். லோகன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். யாராவது சாப்பிட வேண்டியிருந்தது. நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதினோராம் நாள் காலையில் கவிதாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. நாள் கணக்கில் ஒரு மாதம் முன்னால். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அழுதது. அழுத சத்தம் கேட்டதும் நடைவழியில் நின்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்பது நாளாக மகனிடம் பேசாத அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிம்மதி இரண்டு நாள் நீடித்தது. கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இடது கண்ணில் பார்வைக்கு நடு மையத்திலேயே தழும்பு விழுந்துவிட்டது, அந்தக் கண்ணால் நேராகப் பார்க்க முடியாது என்றார். வலது கண் இப்போதைக்குத் தப்பியிருக்கிறது. மூளை ஸ்கேனில் சில வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர் கூடுகிறதா என்று தலைச் சுற்றளவை வாராவாரம் அளக்க வேண்டும். ஒரு வருடம் மருந்து. வளர வளரத்தான் மற்றது தெரியும்.

பார்க்க வந்தவர்கள் கிரகணத்தில் வெளியே போனாளா என்று கேட்டார்கள். யார் கண் பட்டதோ என்றார்கள். ஒவ்வொருவரிடமும் லோகன் அதே சொற்களைச் சொன்னான்: என்னால்தான், நான்தான் வேகாத கறியைக் கொடுத்தேன். யாரும் கேட்காதபோதும் சொன்னான். அவன் அம்மாவே ஒரு கட்டத்தில், போதும்டா, நிறுத்து என்றார்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருந்தது. கவிதா குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

“அக்கா, அவரு எனக்கு வேகாததைக் குடுக்கல.”

முதல் மூன்று சனிக்கிழமையும் அவளுடையதைத் தனியாக எடுத்து நன்றாகத்தான் வேக வைத்துக் கொடுத்தானாம். கடிக்கவே முடியவில்லையாம். நாலாவது வாரம் அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்தாளாம். மெத்தென்று இருந்ததாம். எனக்கும் இப்படியே போடுங்க என்று கேட்டாளாம். புள்ளத்தாச்சி, வேண்டாம் என்று அவன் சொன்னானாம். இவள்தான் அடம் பிடித்தாளாம்.

“அவருக்கு அது மறந்துபோச்சு போலக்கா. எல்லார்கிட்டயும் தானா குடுத்தேன்னு சொல்றாரு. நானும் பேசாம இருக்கேன். நான்னு சொன்னா என்னால தாங்க முடியாது.”

அவளை நான்தான் வளர்த்தேன். அவள் என்னிடம் கேட்டது அனுமதி. சொல்ல வேண்டாம், இப்போது வேண்டாம், உன் உடம்பு தேறட்டும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்பும் நாள் லோகன் என் பெட்டியைத் தூக்கி வந்து காரில் வைத்து, வழியெல்லாம், உங்க தங்கச்சிய இப்படி ஆக்கிட்டேன்க்கா என்று சொல்லிக்கொண்டே வந்தான். விமான நிலையம் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலான பாதை. எந்த இடத்திலும் நான் வாயைத் திறக்கலாம். கண்ணாடி வழியாகச் செம்பனை மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஊரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கங்காருக் கறி தின்னலாமா கூடாதா என்று கேட்கிறார்கள். தின்னலாம், முழுக்க வேக வைத்தால் என்கிறேன். பூமிக்கு மாட்டைவிட அது நல்லது என்கிறார்களே என்றால், என் தங்கை கணவனும் அப்படித்தான் சொல்கிறான், அவன் விவரம் தெரிந்தவன் என்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரி எந்தக் கறியையும் உள்ளே சிவப்பு இல்லாமல் வெந்த பிறகுதான் தொட வேண்டும் என்பதை மட்டும் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு மாதம் கழித்து கவிதா போன் செய்தாள். குழந்தையின் தலை அளவு கூடவில்லை, வலது கண்ணால் விளக்கைத் தொடர்ந்து பார்க்கிறாள் என்றாள். பிறகு, அவரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். அதற்கு அப்புறம்தான் இதை எழுதச் சம்மதித்தாள். என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“அன்னைக்கு அது உனக்கு ருசியா இருந்துச்சான்னு கேட்டாருக்கா. இருந்துச்சுன்னேன். அந்த மாசம் பூரா வேற எதுவும் வாய்க்குப் புடிக்கல, அது ஒண்ணுதான் புடிச்சுதுன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு, புள்ளைய என் கையில இருந்து வாங்கிக்கிட்டாரு.”